ஷேல் எண்ணெய் வயலை மதிப்பிடுவது எப்படி: முதல் துளையிலிருந்து கடைசிக் கணக்கு வரை

மலேசியாவில் ஷேல் பாறையிலிருந்து வணிக அளவில் எண்ணெய் எடுக்கும் வயல் கிடையாது. 1910-ல் மிரியின் முதல் கிணற்றில் எண்ணெய் வந்த நாளிலிருந்து நமக்குப் பழக்கமானது வேறு வகைப் பாறை. ஆனால் ஷேலைப் பற்றிய கணக்கு வழக்கு கோலாலம்பூரில் நிறையவே நடந்திருக்கிறது. 2012-ல் பெட்ரோனாஸ் கனடாவின் புரோக்ரெஸ் எனர்ஜி நிறுவனத்தை வாங்கியபோது, வடகிழக்கு பிரிட்டிஷ் கொலம்பியாவின் மோன்ட்னி பாறைத் தொகுதியும் கூடவே வந்தது. 2014 இறுதியில் அர்ஜென்டினாவின் வாக்கா முவெர்தாவில், வை.பி.எஃப். நிறுவனத்தோடு சேர்ந்து லா அமார்கா சிக்கா என்ற பகுதியில் இறங்கியது. சில ஆண்டு முன்னோடிக் கிணறுகளுக்குப் பிறகு, 2018 இறுதியில்தான் அங்கே முழு மேம்பாட்டுக்கு முடிவெடுத்தார்கள். 2025-ல் அந்தப் பங்கை விற்றுவிட்டு வெளியேறினார்கள்.

ஒப்பந்தத்துக்கும் முழு மேம்பாட்டுக்கும் நடுவே இருந்த அந்த நான்கு ஆண்டுகளில் என்ன வேலை நடக்கும் என்பதுதான் இந்தக் கட்டுரை. கே.எல்.சி.சி. சுற்றுவட்டார அலுவலகங்களில் புதிதாகச் சேர்ந்திருக்கும் நம் பிள்ளைகளையும், மலாயா பல்கலைக்கழகத்திலும் ஸ்ரீ இஸ்கண்டாரிலும் புவியியல், பெட்ரோலியப் பொறியியல் படிப்பவர்களையும் மனதில் வைத்து எழுதுகிறேன். ஷேலில் எண்ணெய் இருப்பது அபூர்வமில்லை. அந்த எண்ணெய் நகருமா, நகர்ந்தால் செலவைக் கட்டுமா என்பதே கேள்வி. அதற்குப் பதில் சொல்லும் தரவை முதல் கிணற்றிலேயே எடுக்கவில்லை என்றால், பின்னால் எத்தனை கிணறு போட்டாலும் இருட்டில் தடவுவதாகவே முடியும்.

எந்தப் பாறையைத் தேடுகிறோம்

கடலடியிலோ ஏரியடியிலோ காற்றுப் படாமல் படிந்த நுண்ணிய சேற்றில் பாசிகளும் நுண்ணுயிர்களும் புதைந்து கெரோஜன் என்ற திடக் கரிமப் பொருள் ஆகின்றன. பாறை ஆழத்துக்குப் போகப் போகச் சூடு ஏறி, கெரோஜன் எண்ணெயாகவும் பிறகு வாயுவாகவும் உடைகிறது. அப்படிப் பிறந்த எண்ணெயில் ஒரு பகுதி மேலே ஏறி மணற்கல்லில் தேங்குகிறது. நாம் வழக்கமாக எடுப்பது அதைத்தான். வெளியேற முடியாமல் பிறந்த இடத்திலேயும், ஒட்டியிருக்கும் வண்டல் பாறையிலும் தங்கிவிட்டது ஷேல் எண்ணெய்.

சூடு போதாத பாறையைக் கையில் எடுத்துப் பார்க்க வேண்டுமானால் தூரம் போக வேண்டாம். ரவாங் பக்கத்திலிருக்கும் பத்து ஆராங் போதும். 1915 முதல் 1960 வரை நிலக்கரிச் சுரங்கம் நடந்த ஊர், நம் மக்களும் சுரங்கத்தில் உழைத்த ஊர். நிலக்கரி அடுக்குகளோடு பழுப்பு நிறத்தில், ஏடு ஏடாகப் பிரியும் எண்ணெய்க் களிப்பாறையும் அங்கே உண்டு. அதில் கெரோஜன் இருக்கிறது. ஆனால் எண்ணெயாக மாறுமளவு வேகவில்லை. அதை உலையில் போட்டுச் சூடாக்கித்தான் எண்ணெய் எடுக்க வேண்டும். நாம் தேடும் பாறையில் அந்த வேலையை நிலமே கோடிக்கணக்கான ஆண்டுகளில் செய்து முடித்திருக்க வேண்டும். பத்து ஆராங் பக்கம் போகும் மாணவர்கள் அந்தப் பாறையை ஒருமுறை உடைத்துப் பாருங்கள். பின்னால் வரைபடங்களில் பார்க்கப்போகும் எண்களுக்கெல்லாம் அது ஒரு முகம் கொடுக்கும்.

படி 1: துளையிடும் ரிக் வரும் முன் மேசையில் முடிக்க வேண்டியது

ஷேல் தேடுவதில் உள்ள பெரிய வசதி, பழைய கிணறுகள் பெரும்பாலும் அந்தப் பாறையைத் துளைத்துக்கொண்டுதான் கீழே போயிருக்கும். கீழே உள்ள மணற்கல்லைத் தேடியவர்கள் ஷேலைச் சும்மா கடந்து போயிருப்பார்கள். அவர்கள் விட்டுப்போன லாக் (துளைக்குள் இறக்கிய கருவிகள் ஆழவாரியாக எடுத்த பதிவு), துளையிடும்போதே குறித்த மட் லாகில் பதிவான வாயு அளவு, கிடங்கில் உறங்கும் கட்டிங்ஸ் என்ற பாறைத் துணுக்குகளின் பைகள் எல்லாவற்றையும் முதலில் தோண்டி எடுங்கள். இருபது கிணற்றின் பழைய கட்டிங்ஸை ஆய்வகத்துக்கு அனுப்பும் செலவு, ஒரு புதுக் கிணற்றின் செலவில் மிகச் சிறிய பங்குதான்.

அவற்றைக் கொண்டு மூன்று வரைபடங்கள் போட வேண்டும்: பாறை எவ்வளவு தடிப்பு, எவ்வளவு ஆழம், எவ்வளவு வெந்திருக்கிறது. வெந்த அளவை விட்ரினைட் என்ற கரிமத் துணுக்கின் ஒளிப் பிரதிபலிப்பை வைத்துச் சொல்வார்கள். 0.6 சதவீதத்திலிருந்து சுமார் 1.3 வரை எண்ணெய்க்கான எல்லை. என் பார்வையில் 0.8-க்குக் கீழே ஆசைப்பட வேண்டாம். அங்கே எண்ணெய் கனமாக இருக்கும், கரைந்த வாயு குறைவு, தள்ளிவிட அழுத்தம் இருக்காது. 1.0-ஐ ஒட்டிய பகுதியில் எண்ணெய் இலேசாகி, கூடவே வாயுவும் சேர்ந்து, நானோ மீட்டர் துளைகள் வழியாகவும் நகரக்கூடியதாகிறது.

நான்காவதாக, நில அதிர்வு ஆய்வுப் படங்களில் பாறை எவ்வளவு மடிந்து உடைந்திருக்கிறது என்பதையும் பாருங்கள். கலிபோர்னியாவின் மான்டெரே ஷேலில் எடுக்கக்கூடியது 1,540 கோடி பீப்பாய் என்று 2011-ல் அமெரிக்க எரிசக்தித் தகவல் நிர்வாகம் வெளியிட்ட ஆய்வு சொன்னது. 2014-ல் அதே நிர்வாகம் அந்த எண்ணைச் சுமார் 60 கோடிக்கு இறக்கியது. கரிமம் குறைந்த பாறை அல்ல அது. கலிபோர்னியாவின் நிலநகர்வில் மடிந்தும் உடைந்தும் கிடக்கும் பாறை. வடக்கு டகோட்டாவில் தட்டையாகப் பரந்து கிடக்கும் பாக்கனைப் போல அதில் ஒரே மாதிரி கிணறுகளை வரிசையாகப் போட முடியாது. ஒரு பரப்பை இன்னொரு பரப்பின் தராசில் வைத்தால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிடப் பெரிய பாடம் இந்தத் துறையில் இல்லை.

தண்ணீர் எங்கிருந்து வரும், நிலம் யாருடையது, அனுமதி யார் தருவார் என்பதையும் இந்தக் கட்டத்திலேயே எழுதி வைத்துவிடுங்கள்.

படி 2: முதல் கிணறு நேராக இறங்கட்டும்

அவசரக்காரர்கள் முதல் கிணற்றையே கிடையாகப் போட்டு, உடனே எண்ணெய் ஓட்டிக் காட்டப் பார்ப்பார்கள். வேண்டாம். முதல் கிணறு செங்குத்தாக, பாறையின் மேல் எல்லையிலிருந்து கீழ் எல்லை தாண்டி அதற்கடியிலும் சிறிது தூரம் போக வேண்டும். எந்த அடுக்கில் கிடையாகத் திரும்புவது என்பதே அப்போதுதான் தெரியும். பாக்கனில் மேலும் கீழும் கரிமம் நிறைந்த ஷேல் உண்டு. ஆனால் கிடைக் கிணறுகளில் பெரும்பாலானவை நடுவே இருக்கும் டோலமைட் கலந்த வண்டல் பாறையில்தான் ஓடுகின்றன. எண்ணெய் பிறந்த அடுக்கும் கிணறு ஓட வேண்டிய அடுக்கும் ஒன்றாக இருக்க வேண்டும் என்ற கட்டாயமில்லை.

துளைக்குள் இறக்கிச் சிமென்ட் வைக்கும் எஃகுக் குழாயான கேசிங்கின் அமைப்பு வழக்கமானதுதான்: நிலத்தடி நன்னீரைக் காக்க ஒன்று, இடைப்பட்ட பலவீனமான பாறைக்கு ஒன்று, ஷேலுக்கு மேலே ஒன்று. நன்னீரைக் காக்கும் கேசிங்கின் சிமென்ட் நிலமட்டம் வரை ஏறியதா என்பதில் மட்டும் யாருக்கும் சலுகை தராதீர்கள்.

துளையிடும்போது உள்ளே சுற்றிவரும் சேற்றுத் திரவமான மட் பற்றி ஒரு வார்த்தை. நீர் சேர்ந்த மட் ஷேலை ஊதவைத்துச் சுவரை இடித்துவிடும் என்பதால் ரிக் ஆட்கள் எண்ணெய் கலந்த மட்டையே விரும்புவார்கள். அவர்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. ஆனால் அந்த மட்டின் எண்ணெய் கட்டிங்ஸில் ஊறி, ஆய்வகத்தில் பாறையின் சொந்த எண்ணெயைப் போலவே பேசும். எண்ணெய் மட் பயன்படுத்துவதென்றால், அதே மட்டின் மாதிரியை நாள்தோறும் ஒரு குப்பியில் எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்புங்கள். எது நாம் ஊற்றியது, எது நிலம் தந்தது என்று பிரிக்க வேறு வழியில்லை.

படி 3: மேலே வரும் துணுக்கு எந்த ஆழத்துத் துணுக்கு?

துளைக்கும் முனையான பிட் வெட்டிய துணுக்கு உடனே மேலே வந்துவிடாது. மட்டோடு மிதந்து ஏற நேரம் ஆகும். அந்தத் தாமதத்தைக் கணக்கிடத் தெரியாதவர் கையில் கட்டிங்ஸ் தரவு முழுவதும் வீண்.

8½ அங்குலத் துளையில் 5 அங்குல டிரில் பைப் 3,000 மீட்டர் ஆழத்தில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். துளைச் சுவருக்கும் பைப்புக்கும் நடுவே உள்ள இடைவெளியின் கொள்ளளவு சுமார் 72 கன மீட்டர். பம்ப் நிமிடத்துக்கு 1.9 கன மீட்டர் தள்ளினால் துணுக்கு மேலே வர 38 நிமிடம். பிட் மணிக்கு 20 மீட்டர் வேகத்தில் போனால், அதற்குள் அது இன்னும் 12 மீட்டருக்கு மேல் இறங்கியிருக்கும். அதாவது பையில் இப்போதைய பிட் ஆழத்தை எழுதினால் 12 மீட்டர் பொய் எழுதியிருக்கிறோம். 30 மீட்டர் தடிப்புள்ள அடுக்கில் அது பாதிக்கு நெருங்கிய பிழை. துளை சில இடங்களில் அகன்றிருக்கும் என்பதால் கணக்கை மட்டும் நம்பாமல், பைப் இணைக்கும்போது ஏதாவது ஓர் அடையாளப் பொருளை உள்ளே போட்டு, அது எப்போது மேலே வருகிறது என்று பார்ப்பது பழைய வழக்கம். இன்றும் நல்ல வழக்கம்.

படி 4: கோர்

கோர் என்பது துளையிலிருந்து முழுதாக அறுத்தெடுக்கும் பாறை உருளை. செலவைக் குறைக்கச் சொல்லி மேலிடம் கேட்டால் முதலில் வெட்டப்படுவது கோர்தான். நான் எப்போதும் எதிர்த்து நிற்பதும் இந்த இடத்தில்தான். லாக் எல்லாம் மறைமுகமாகப் பேசும் கருவிகள். அவற்றுக்குப் பாறையின் மொழியைச் சொல்லிக்கொடுப்பது கோர் ஒன்றுதான்.

சாதாரணமாக 4 அங்குல விட்டத்தில், 9 மீட்டர் நீளக் குழாய்களைச் சேர்த்து 27 மீட்டர் ஒரே மூச்சில் வெட்டுவார்கள். மேலே இழுக்கும்போது கடைசிச் சில நூறு மீட்டரில் வேகத்தை நன்றாகக் குறைக்க வேண்டும். அழுத்தம் இறங்க இறங்கப் பாறைக்குள் இருக்கும் வாயு விரிகிறது. வெளியேற நேரம் கொடுக்காவிட்டால் கோர் உள்ளிருந்தே வெடித்து ஏடு ஏடாகப் பிரிந்துவிடும். பிறகு அந்தப் பிளவு நிலத்தடியில் இருந்ததா, நாம் உண்டாக்கியதா என்று யாராலும் சொல்ல முடியாது.

ரிக் தளத்தில் கோர் வந்து இறங்கும் நேரத்தில் கூட்டம் கூடும். முதலில் கேஸ் அலாரம் பார்த்து, ஹைட்ரஜன் சல்ஃபைடு இல்லை என்று உறுதியான பிறகே நெருங்க வேண்டும். அப்புறம் உள் குழாயின் நீளவாட்டில் சிவப்புக் கோடும் கறுப்புக் கோடும் பக்கத்துப் பக்கத்தில் இழுக்கிறோம். தலைப்பக்கம் மேலே இருக்கும்படி பார்த்தால் சிவப்பு வலது பக்கம். ஒரு துண்டு உருண்டு போனாலும் எது மேல், எது கீழ் என்று அந்தக் கோடு சொல்லிவிடும். ஒரு மீட்டர் துண்டுகளாக அறுத்து, இரு முனையிலும் மூடி போட்டு, ஆழத்தை எழுதுகிறோம். தண்ணீர் ஊற்றிக் கழுவவே கூடாது. களிமண் ஊறி நம் கண்முன்னே பிளக்கும். உலர்ந்த துணியால் துடைத்தால் போதும். வெட்டு முகத்தில் குவே லாப்பிஸ் மாதிரி மெல்லிய அடுக்குகள் தெரியும், கறுப்பும் சாம்பலுமாக. திரவ அளவு சோதிக்க வேண்டிய துண்டுகளை அங்கேயே பிளாஸ்டிக் தாள், அலுமினியத் தாள் சுற்றி மெழுகில் முக்கிவிட வேண்டும். வாயு அளவுக்கானவை காற்றுப்புகா உலோகக் கலத்துக்குள் போகும்; குழாயிலிருந்து கலத்துக்குப் போக எத்தனை நிமிடம் ஆனது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள், இழந்த வாயுவைக் கணக்கிட அது வேண்டும்.

ரிக் சொல்லும் ஆழமும் லாக் சொல்லும் ஆழமும் ஓரிரு மீட்டர் மாறுபடும். கோரின் காமா கதிர் அளவை எடுத்து லாகின் காமாவோடு பொருத்திய பிறகே எந்த எண்ணையும் ஒப்பிட வேண்டும்.

படி 5: ஆய்வகத்தில்

முதல் எண் டி.ஓ.சி., அதாவது பாறையின் எடையில் கரிமம் எத்தனை சதவீதம். 2-க்கு மேல் இருந்தால் நல்ல மூலப் பாறை என்பார்கள். இந்த ஓர் எண்ணைப் பார்த்துத் துள்ளிக் குதிப்பவர்கள்தான் அதிகம்.

அடுத்தது ராக்-இவல் சோதனை. பொடித்த பாறையைச் சிட்டிகை அளவு எடுத்து, 300 டிகிரி செல்சியஸில் சில நிமிடம் வைக்கிறார்கள். அப்போது ஆவியாவது ஏற்கெனவே உருவான எண்ணெய்: எஸ்1, ஒரு கிராம் பாறைக்கு இத்தனை மில்லிகிராம் என்ற அளவில். பிறகு நிமிடத்துக்கு 25 டிகிரி வீதம் 650 வரை ஏற்றுகிறார்கள். அப்போது கெரோஜன் உடைந்து வருவது எஸ்2. எஸ்2 உச்சத்தைத் தொடும் வெப்பநிலை டி-மேக்ஸ். 435-லிருந்து சுமார் 460, 470 வரை எண்ணெய் எல்லை. எஸ்2 மிகச் சிறியதாக இருந்தால் டி-மேக்ஸை நம்ப வேண்டாம், உச்சமே இல்லாத வரைபடத்தில் கருவி ஏதோ ஓர் இடத்தைக் காட்டிவிடும்.

பிரிக்ஃபீல்ட்ஸ் வாழையிலைக் கடையில் ஒரு மதியம், புதிதாகச் சேர்ந்த தம்பி ஒருவர் கைப்பேசியில் ஒரு பயிற்சித் தரவை நீட்டினார். "அண்ணே, இந்த அடுக்குல டி.ஓ.சி. ஏழு வந்திருக்கு. இதைவிட நல்ல பாறை கிடைக்குமா?" எஸ்1 எவ்வளவு என்று கேட்டேன். ஐந்து என்றார். கீழே இருக்கும் அடுக்கைக் கேட்டேன். "அது வேஸ்ட்டுண்ணே. டி.ஓ.சி. ஒன்றரைதான், எஸ்1 மூணு." வகுத்துப் பாருங்கள் தம்பி என்றேன்.

எஸ்1-ஐ டி.ஓ.சி.யால் வகுத்து நூறால் பெருக்க வேண்டும். முதல் அடுக்கு 71. இரண்டாவது அடுக்கு 200. கெரோஜன் எண்ணெயை உறிஞ்சிப் பிடித்துவைக்கும் குணமுடையது. கரிமம் கூடக் கூடப் பிடிப்பும் கூடும். ஒரு கிராம் கரிமத்துக்கு 100 மில்லிகிராமுக்கு மேல் எண்ணெய் இருந்தால்தான் பிடிப்பைத் தாண்டி நகரக்கூடிய எண்ணெய் இருக்கிறது என்று புவிவேதியியலாளர் டேனியல் ஜார்வி 2012-ல் முன்வைத்த அளவுகோல் இன்றும் உலகமெங்கும் பயன்படுகிறது. ஆக, தம்பி வேஸ்ட் என்று ஒதுக்கிய அடுக்கில்தான் ஓடக்கூடிய எண்ணெய் இருக்கிறது. மேல் அடுக்கு அதற்குத் தாய்வீடு. இந்த இரண்டு அடுக்குகளையும் பின்னால் கணக்குப் போடும்போது திரும்பப் பார்ப்போம்.

எஸ்1-க்கும் ஒரு குறை உண்டு. கோர் மேலே வரும்போதும், பெட்டியில் காத்திருக்கும்போதும், பொடிக்கும்போதும் இலேசான எண்ணெய் ஆவியாகிப் போய்விடும். எண்ணெய் எவ்வளவு இலேசோ இழப்பும் அவ்வளவு அதிகம். வெட்டிய ஒரு வாரத்துக்குள் சோதித்த எஸ்1-ஐயும் பத்தாண்டு கிடங்கில் இருந்த கட்டிங்ஸின் எஸ்1-ஐயும் ஒரே வரைபடத்தில் போடாதீர்கள்.

எக்ஸ் கதிர் சோதனையில் கனிமப் பங்கு தெரியும். களிமண் 40 சதவீதத்துக்குக் கீழே இருந்து, குவார்ட்ஸும் கார்பனேட்டும் கூடுதலாக இருந்தால் பாறை நொறுங்கும், பிளவு திறந்து நிற்கும். களிமண் மிகுந்தால் மாவு போல அமுங்கி மூடிக்கொள்ளும். பாறை வழியே திரவம் எவ்வளவு எளிதாக நகரும் என்று சொல்லும் ஊடுருவுதிறனின் அலகு டார்சி; ஷேலில் அது நானோடார்சி அளவில்தான் வரும். நல்ல மணற்கல்லில் நூறு மில்லிடார்சி பார்த்துப் பழகியவருக்கு, நூறு நானோடார்சி என்பது அதில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. வெவ்வேறு ஆய்வகங்கள் ஒரே பாறைக்குப் பல மடங்கு வேறுபட்ட எண் தருவது இங்கே சகஜம். அதனால் ஒரே மாதிரியை இரண்டிரண்டாகப் பிரித்து இரு ஆய்வகங்களுக்கு அனுப்புவது நல்லது.

படி 6: லாக்

காமா, மின்தடை, அடர்த்தி, நியூட்ரான், ஒலி ஆகிய ஐந்தும் அடிப்படை. அதோடு அணுக் காந்த ஒத்ததிர்வு லாக், கனிம லாக், துளைச் சுவரின் பட லாக் ஆகியவற்றை முதல் கிணற்றில் கட்டாயம் எடுங்கள். ஒலி லாகையும் மின்தடை லாகையும் ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்தி, இடையே விரியும் இடைவெளியிலிருந்து டி.ஓ.சி.யைக் கணிக்கும் முறையை பாஸியும் அவர் குழுவும் 1990-ல் வெளியிட்டார்கள். கோர் எண்களோடு சரிபார்த்தால் அது நன்றாகவே வேலை செய்யும்.

கவனிக்க வேண்டிய பொறி அடர்த்தி லாகில் இருக்கிறது. கெரோஜனின் அடர்த்தி 1.2, 1.3 அளவுதான், குவார்ட்ஸ் 2.65. எடையில் 5 சதவீதக் கரிமம் இருந்தாலே கன அளவில் கெரோஜன் 10 சதவீதத்தைத் தொடும். அதைத் திருத்தாமல் விட்டால் லாக் அந்தக் கெரோஜனை எல்லாம் திரவம் நிற்கும் நுண்துளை என்று எண்ணி, இல்லாத எண்ணெய்க்கு இடம் ஒதுக்கிவிடும்.

படி 7: அழுத்தமும் தகைவும்

பாறையைப் பிளக்க எவ்வளவு அழுத்தம் வேண்டும், உள்ளே எவ்வளவு அழுத்தம் இருக்கிறது என்ற இரண்டுக்கும் ஒரே சோதனையில் பதில் கிடைக்கும். கேசிங்கில் சிறு துளையிட்டு, சில பீப்பாய்த் தண்ணீரைச் சில நிமிடம் செலுத்தி, ஒரு சின்னப் பிளவை உண்டாக்கிவிட்டுப் பம்பை நிறுத்துகிறோம். அப்புறம் அழுத்தம் மெல்ல இறங்குவதைப் பதிவு செய்தபடி காத்திருக்க வேண்டும். பிளவு மூடிக்கொள்ளும் அழுத்தம் குறைந்தபட்சத் தகைவை, அதாவது சுற்றியுள்ள நிலம் பாறையை நெருக்குவதில் மிகக் குறைந்த அளவை, சொல்லும். அதற்குப் பிறகு அது எங்கே போய் அடங்குகிறது என்பது பாறையின் உள் அழுத்தத்தைச் சொல்லும். ஷேலில் இதற்குப் பல நாள், சிலசமயம் பல வாரம் ஆகும். ரிக் போன பிறகு செய்தால் காத்திருப்புக்குச் செலவு குறைவு. மூன்றாம் நாளே வால்வைத் திறந்துவிடச் சொல்பவர்கள் இருப்பார்கள். திறந்தால் முதல் எண் மட்டும் மிஞ்சும், இரண்டாவது போய்விடும்.

இரண்டாவது எண்தான் எனக்கு முக்கியம். நன்னீர்த் தூணின் அழுத்தம் ஆழத்தில் அடிக்கு 0.433 பி.எஸ்.ஐ. (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு). பாறையில் 0.6-க்கு மேல் இருந்தால், உருவான எண்ணெய் வெளியேறாமல் இறுக்கமாக அடைபட்டிருக்கிறது, தள்ளிவிடச் சக்தியும் இருக்கிறது என்று பொருள். சாதாரண அழுத்தம் மட்டுமே இருந்தால் எண்ணெய் எப்போதோ கசிந்து போயிருக்கலாம் என்று சந்தேகப்படுங்கள்.

படி 8: எவ்வளவு இருக்கிறது? இரண்டு வழியில் கணக்கு

படி 5-ன் இரண்டு அடுக்குகளும் சம தடிப்பில், சேர்ந்து 30 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். ஒரு சதுர கிலோமீட்டருக்குக் கணக்குப் போடுகிறேன்.

முதல் வழி, பாறையில் உள்ள நுண்துளைகளின் அளவு. பாறையின் கன அளவு 3 கோடி கன மீட்டர். துளைமை 6 சதவீதம் என்றால் 18 லட்சம். அதில் 40 சதவீதம் தண்ணீர் என்றால் எண்ணெய் 10.8 லட்சம். மேலே வரும்போது வாயு பிரிந்து எண்ணெய் சுருங்கும். சுருக்கக் காரணி 1.5 என்றால் 7.2 லட்சம் கன மீட்டர். பீப்பாயில் சுமார் 45 லட்சம்.

இரண்டாவது வழி, எஸ்1. பாறை அடர்த்தி 2.5 என்றால் எடை 7.5 கோடி டன். சராசரி எஸ்1 டன்னுக்கு 4 கிலோ. ஆக எண்ணெய் 3 லட்சம் டன், அடர்த்தி 0.85-ஆல் வகுத்தால் 3.5 லட்சம் கன மீட்டர். பீப்பாயில் சுமார் 22 லட்சம்.

ஒரே பாறை, இரண்டு மடங்கு வித்தியாசம். இங்கே பலர் பெரிய எண்ணை எடுத்துக்கொண்டு சின்னதை அடிக்குறிப்பில் போட்டுவிடுவார்கள். அப்படிச் செய்யாமல் வித்தியாசத்துக்குள் இறங்கிப் பாருங்கள். ஆவியான இலேசான பகுதி எவ்வளவு? மெழுகில் அடைத்த துண்டை உடனே சோதித்த எண்ணோடு ஒப்பிட்டால் தெரியும். கனமான எண்ணெயில் ஒரு பகுதி எஸ்1-ல் வராமல் எஸ்2-க்குள் ஒளிந்திருக்கிறதா? கரைப்பானால் எண்ணெயைக் கழுவி எடுத்த பிறகு மறுபடி எஸ்2 பார்த்தால் வெளியே வரும். இவை இரண்டும் இடைவெளியை நிரப்பவில்லை என்றால், லாகில் கெரோஜன் திருத்தம் தவறியிருக்கிறது அல்லது தண்ணீரின் பங்கைக் குறைத்து எழுதியிருக்கிறோம். இரண்டு வழியும் நெருங்கி வரும்வரை அறிக்கையில் ஒற்றை எண் எழுத வேண்டாம்.

படி 9: கிடைக் கிணறு ஓடும்போது

நேர்க் கிணறு நம்பிக்கை தந்தால்தான் அடுத்தது. குறைந்தபட்சக் கிடைத் தகைவு எந்தத் திசையோ அந்தத் திசையில் கிடைக் கிணற்றை ஓட்ட வேண்டும். பிளவுகள் அதற்குச் செங்குத்தாகத் திறப்பதால் கிணற்றுக்குக் குறுக்கே விரியும். திசையைப் பட லாகும் கோரும் ஏற்கெனவே சொல்லியிருக்கும். பிறகு கட்டம் கட்டமாக நீரும் மணலும் செலுத்திப் பிளக்கிறார்கள்.

அதிர்வுக் கண்காணிப்பை முதல் கட்டத்துக்கு முன்பே தொடங்குங்கள். இல்லாவிட்டால் இயற்கையாக அங்கே எவ்வளவு அதிர்வு இருந்தது என்று பிறகு நிரூபிக்க முடியாது. பிரிட்டிஷ் கொலம்பியாவில் நீர் செலுத்துவதால் 4.0 அளவு நிலநடுக்கம் ஏற்பட்டால் வேலையை உடனே நிறுத்த வேண்டும். சில பகுதிகளில் எல்லை இன்னும் குறைவு. திரும்பி வரும் உப்புநீரை எங்கே சேர்ப்பது, எப்படி மறுபடி பயன்படுத்துவது என்பதும் முன்கூட்டியே முடிவாகியிருக்க வேண்டும். பக்கத்தில் குடியிருப்பவர்களின் கிணற்று நீரை வேலைக்கு முன்பே சோதித்து, அந்தத் தாளை அவர்கள் கையிலும் கொடுத்துவிடுங்கள். அது அவர்கள் உரிமை.

ஓட்டம் தொடங்கியதும் முதலில் வருவது நாம் செலுத்திய தண்ணீர். பிறகு எண்ணெய் ஏறும். முதல் 24 மணி நேர உச்ச அளவைச் செய்தியாளர்களிடம் சொல்ல எல்லோருக்கும் ஆசை. மதிப்பீட்டுக்கு அது ஏறக்குறையப் பயனற்றது. வால்வை அகலத் திறந்தால் யார் வேண்டுமானாலும் பெரிய எண் காட்டலாம், கூடவே மணலும் வெளியே வந்து பிளவு மூடிக்கொள்ளும். குறுகிய வால்வில், அடியழுத்தத்தைத் தொடர்ந்து பதிவு செய்தபடி மூன்று மாதமாவது ஓட்டுங்கள். அழுத்தத்தால் சீராக்கிய ஓட்டத்தின் தலைகீழியை நேரத்தின் வர்க்கமூலத்துக்கு எதிராக வரைந்தால் நேர்கோடு வரும். கோடு எவ்வளவு சரிவு என்பது பிளவுப் பரப்பையும் ஊடுருவுதிறனையும் சேர்த்துச் சொல்கிறது. எப்போது மேல்நோக்கி வளையத் தொடங்குகிறது என்பது பிளவுகளுக்கு இடைப்பட்ட எண்ணெய் தீரத் தொடங்கிய நேரத்தைச் சொல்கிறது. முதல் ஆண்டிலேயே ஓட்டம் 60, 70 சதவீதம் இறங்குவது ஷேலின் இயல்பு. அதைக் கண்டு பயப்படவும் வேண்டாம், மறைக்கவும் வேண்டாம்.

படி 10: செலவைக் கட்டுமா

2 கிலோமீட்டர் நீளக் கிணறு, பக்கத்துக் கிணற்றுக்கு 250 மீட்டர் இடைவெளி. ஒரு கிணற்றின் பங்கு அரை சதுர கிலோமீட்டர். பெரிய எண்ணையே எடுத்துக்கொண்டாலும் அதற்குள் இருப்பது சுமார் 22.6 லட்சம் பீப்பாய். ஷேல் எண்ணெயில் எடுக்க முடிவது பெரும்பாலும் பத்து சதவீதத்துக்கும் கீழே. 6 என்று வைப்போம். 1.36 லட்சம் பீப்பாய். பீப்பாய் 60 டாலர் என்றால் மொத்த வரவு சுமார் 82 லட்சம் டாலர். கிணற்றுக்கே ஒரு கோடி டாலர் ஆகிறதென்றால், இயக்கச் செலவும் அரசுப் பங்கும் கழிக்கும் முன்பே நட்டம்.

எண்ணெய் இருக்கிறது, நகரக்கூடியது, பாறை பிளக்கும், அழுத்தமும் உண்டு. ஆனாலும் இது வயல் ஆகாது. இதே தரத்தில் தடிப்பு 60 மீட்டராக இருந்து, பிளவு அவ்வளவு உயரத்தையும் தொட்டால் வரவு இரட்டித்து 1.6 கோடியைத் தாண்டும். அப்போதுதான் பேச இடமிருக்கிறது. வாக்கா முவெர்தா உலகின் கவனத்தை ஈர்த்ததற்கு அதன் தடிப்பு ஒரு பெரிய காரணம். சில இடங்களில் அது நூற்றுக்கணக்கான மீட்டர்.

கடைசியில் அறிக்கை. பெட்ரோலியப் பொறியாளர் சங்கத்தின் 2018 வகைப்பாட்டின்படி, கிணறு போடாத பரப்பில் இருப்பது எதிர்பார்க்கும் வளம் மட்டுமே. கிணறு எண்ணெயை ஓட்டிக் காட்டியும் வணிக முடிவு வராதது நிபந்தனைக்குட்பட்ட வளம். மேம்பாட்டுக்கு உறுதியான முடிவும் பணமும் சேர்ந்த பிறகே இருப்பு என்று எழுதலாம். குறைவு, நடு, கூடுதல் என்று மூன்று எண்களும் தர வேண்டும். நிபந்தனைக்குட்பட்டது என்று எழுதினால் எந்த நிபந்தனை என்பதைத் தெளிவாக எழுதுங்கள்: தடிப்பா, விலையா, தண்ணீரா, இரண்டாவது கிணற்றின் ஓட்டச் சோதனையா. நம் எடுத்துக்காட்டில் அந்த வரி இப்படி இருக்கும்: "கிழக்குப் பகுதியில் தடிப்பு 60 மீட்டரைத் தொடுகிறதா என்று அறிய இன்னொரு நேர்க் கிணறு, முழு கோருடன். அதன் முடிவு வரும்வரை கிடைக் கிணறு வேண்டாம்."